ஆள் அகப்படவில்லை

மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வது மாதிரிதான் சவுரிராயன் அதைச் சொன்னான். கேப்பைக் கூழைக் கரைத்துக் குடித்துக்கொண்டே, சட்டியிலிருந்து தலை தூக்காமல், "பாப்பாவை நாளைலேருந்து பெரிய வூட்டு மாட்டுக் கொட்டாய்க்கு அனுப்பச் சொன்னாரு" என்றான்.

இருதயமேரி கையிலிருந்த அகப்பையை அடுப்புமேல் வைத்தாள்.

"நீ இன்னா சொன்ன?"

"இன்னா சொல்றது?"

"இன்னா சொன்னன்னு கேக்கறேன்."

"சரின்னேன்."

குடிசைக்கு வெளியே மகள் ஆரோக்கியம் விறகு பிளந்துகொண்டிருந்தாள். பெரிய மனுஷியாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பெரிய வீட்டு மாட்டுக் கொட்டாய்க்குப் போன பெண்களின் கதை செங்கழனிச் சேரியில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒருத்தி கிணற்றில் விழுந்தாள். இன்னொருத்தியை அவள் அப்பனே இரவோடு இரவாகச் செங்கல்பட்டுப் பக்கம் கொண்டுபோய்க் கட்டிக் கொடுத்தான்.

"மாட்டேன்னு சொல்ல உனக்கு வாயில்லையா?"

"வாரண்டு இருக்குது மேரி" என்றான் அவன்.

அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு இருதயமேரிக்குக் காது புளித்திருந்தது. கல்யாணமான நாலாம் வருஷத்திலிருந்து அதுதான் அவள் வீட்டில் பேச்சு. கூலி ஏன் அரை மரக்கால்? வாரண்டு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஏன் போகவில்லை? வாரண்டு இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல், திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாம் என்றால் அங்கே போலீஸ் இருக்கும். அந்தப் பிள்ளை செத்தே போனான்.

அது முப்பத்தைந்தாம் வருஷத்துச் சங்கதி. பெருமுக்கல் மலைக்குக் கிழக்கே இருந்த செங்கழனியில் அப்போது மல்லாட்டை என்கிற வேர்க்கடலைப் பிடுங்கு நடந்துகொண்டிருந்தது. ஊர் மணியக்காரர், பெரிய வீட்டு வெங்கடாசலத்தின் நிலம். பிடுங்கி முடித்து ஆள்கள் கூலிக்கு நின்றபோது, மழையில் பாதி அழுகிவிட்டது, கூலியும் பாதிதான் என்றார் வெங்கடாசலம். மற்றவர்கள் பாதியை வாங்கிக்கொண்டு போனார்கள். சவுரிராயனுக்கு அப்போது இளரத்தம். காயோடு கிடந்த செடியில் ஒரு கட்டைத் தூக்கித் தலையில் வைத்து, "மிச்சத்துக்கு இது" என்று எல்லார் எதிரிலும் பட்டப்பகலில் நடந்து வந்துவிட்டான். பொழுது சாய்வதற்குள் திருட்டுக் கேசு ஆகிவிட்டது. ஸ்டேஷனில் முட்டியைப் பெயர்ப்பார்கள் என்று யாரோ சொல்ல, பயந்துபோய்க் குயிலாப்பாளையத்து வழியாகப் பிரெஞ்சுக்காரன் எல்லைக்குள் ஓடினான். அங்கே இங்கிலீஷ்காரன் போலீஸ் வர முடியாது. புதுச்சேரி மில்லில் பஞ்சு மூட்டை தூக்கினான். இங்கே திண்டிவனம் கோர்ட்டில் அவன் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்து, ஆள் வராததால் வாரண்டு போட்டார்கள்.

இருதயமேரிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்ததும் அவன் மனசு கேட்காமல் திரும்பி வந்தான். வந்த மறுநாளே சைக்கிளில் வந்து இறங்கினார் கான்ஸ்டபிள் கிருஷ்ணசாமி. பிடித்தார். ஆனால் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகவில்லை. வெங்கடாசலத்தின் களத்துக்குக் கொண்டுபோனார். வெங்கடாசலம் ரொம்ப நேரம் வெற்றிலை மென்றுவிட்டு, "இவன் நம்ம நிலத்துல கிடக்கட்டும். அந்தக் காகிதம் உங்க பையிலயே கிடக்கட்டும்" என்றார். கிருஷ்ணசாமியின் சைக்கிள் அன்று ஒரு மூட்டை மல்லாட்டையோடு போனது. அதற்கப்புறம் வருஷா வருஷம் போனது. சேரிப் பக்கம் வரும்போது கோழியும் போனது.

அன்றிலிருந்து சவுரிராயன் அந்த நிலத்தை விட்டு நகர்ந்ததில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டான். தலை நிமிர்ந்தால் களத்திலிருந்து ஒரு குரல் வரும்: "கிருஷ்ணசாமியைக் கூப்பிடட்டுமாடா?"

இருதயமேரி அகப்பையை மறுபடி கையில் எடுத்தாள். "என் பொண்ணு போக மாட்டா" என்றாள்.

சவுரிராயன் சட்டியை வழித்துக் குடித்தான். ஒரு காலத்தில் செடிக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தவனைத்தான் அவள் கட்டிக்கொண்டிருந்தாள். அவனை எங்கே கொண்டுபோய்ப் புதைத்தார்கள்?

விடிவதற்கு முன்னே மகளைக் கையில் பிடித்துக்கொண்டு திண்டிவனம் ரயிலடிக்கு நடந்தாள். அவள் அண்ணன் அந்தோணிசாமி விழுப்புரம் ஜங்ஷனில் லோகோ ஷெட்டில் எஞ்சினுக்குக் கரி அள்ளுகிற வேலையில் இருந்தான். ஷெட்டுக்குப் பின்னால் வரிசைக் குடிசையில் அவன் வீடு. தங்கச்சி வந்து நின்ற கோலத்தைப் பார்த்ததும் கையைக்கூடக் கழுவாமல் வெளியே வந்தான்.

"இன்னா மேரி? மச்சான் எங்க?"

"ஏர் ஓட்டிக்கினு இருக்காரு. வேற எங்க இருப்பாரு? அண்ணே, வாரண்டுன்னா இன்னா? அது எப்பதான் செத்துப் போவும்?"

அந்தோணிசாமிக்கு அது தெரியாது. ஆனால் தெரிந்தவர் ஒருவரைத் தெரியும். ரயில்வே ஆள்களின் கேசுகளைப் பார்க்கிற வக்கீல் அரங்கநாதன், திண்டிவனத்துக்காரர், வாரத்தில் சில நாள் விழுப்புரம் வருவார். அன்று மத்தியானமே அண்ணன் அவளை அவரிடம் கூட்டிக்கொண்டு போனான்.

வக்கீல் முழுக் கதையையும் கேட்டார். நடுவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஆள் ஒளிந்திருக்கிறாரா?"

"ஒளியறதா? ரோட்டோரக் கழனிலதாங்க நிக்கிறாரு. போலீசு அந்த வழியாத்தான் சைக்கிள்ல போவுது, வருது. பீடிக்கு நெருப்புகூட வாங்கிக்கினு போவுது."

வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாரண்டு தானாகச் சாகாதம்மா. ஆள் கோர்ட்டுக்கு வந்தால்தான் தீரும். போலீஸ் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். பிடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருப்பது அவர்கள் செய்த தப்பு."

"அப்ப அவங்களுக்கு வாரண்டு யாரு போடுவாங்க?"

"யாரும் போட மாட்டார்கள்" என்றார் அவர். "ஆனால் உன் புருஷன் தானாகப் போய் மாஜிஸ்டிரேட் முன்னால் நிற்கலாம். நாளைக்கே திண்டிவனம் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா, நான் கூட நிற்கிறேன்."

"எத்தனை வருஷம் போடுவாங்க?"

"சட்டப்படி மூன்று வருஷம்வரை போடலாம். அவ்வளவு போட மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் என்னால் வாக்குக் கொடுக்க முடியாது."

மகளை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு இருதயமேரி தனியாகச் செங்கழனிக்குத் திரும்பினாள். சவுரிராயன் குடிசை வாசலில் குந்தியிருந்தான். மகள் வராததைப் பற்றிப் பெரிய வீட்டில் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது. அவன் கன்னம் வீங்கியிருந்ததில் தெரிந்தது.

"பாப்பா எங்க?"

"எங்க அண்ணன் வூட்ல. இனிமே இங்க வர மாட்டா." வக்கீல் சொன்னதை அப்படியே சொன்னாள். மூன்று வருஷம் என்பதையும் மறைக்கவில்லை.

"மூணு வருஷமா!" அவன் எழுந்தான். "உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? நான் உள்ள போயிட்டா அந்தாளு உங்களை இன்னா பண்ணுவான் தெரியுமா?"

"நீ வெளிய இருக்கசொல்லவே பொண்ணைக் கேக்கறான்."

அவன் தலைத்துண்டை அவிழ்த்து உதறினான்.

"ஜெயில்ல கூழு ஊத்துவாங்களாம். இங்க அதுவும் அரை வயிறு" என்றாள் அவள். "ஜெயில்ல ஒரு நாளு சொல்லி வெளிய வுடுவாங்க. இந்தாளு எந்த நாளு சொன்னான்? நாளைக்குக் காலம்பற நீ என்கூட வரணும். வரலைன்னா நான் ஒண்டியா போறேன். கோர்ட்டு வாசல்ல நின்னுக்கினு, வாரண்டுக்காரன் இங்கதான் இருக்கான், வந்து புடிச்சிக்கினு போங்கன்னு கத்தறேன்."

"சொந்தப் புருஷனைக் காட்டிக் குடுப்பியா?"

"குடுப்பேன்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். விளையாட்டில்லை என்று புரிந்தது. கையை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்று, மெல்ல இறங்கி, வீங்கிய தன் கன்னத்தையே தடவிக்கொண்டது. அவளுக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் காரியம் கெட்டுவிடும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காலையில் இருவரும் கிளம்பினார்கள். ஏர் பூட்ட ஆள் வரவில்லை என்று தெரிந்ததும் வெங்கடாசலம் தலையாரியை ஸ்டேஷனுக்கு விரட்டியிருக்க வேண்டும். திண்டிவனம் பஸ்கள் நிற்கிற இடத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது பின்னால் சைக்கிள் மணி அடித்தது. கிருஷ்ணசாமி வியர்த்துக் கொட்ட, தலைப்பாகை சரிய, வேகமாக வந்து குறுக்கே நின்றார்.

"எங்கடா போற?"

சவுரிராயன் பழக்க தோஷத்தில் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தான்.

"கோர்ட்டுக்குப் போறோம்" என்றாள் இருதயமேரி.

"கோர்ட்டுல உனக்கு இன்னா வேலை? டேய், ஜல்தியா வூட்டுக்குத் திரும்பு. மணியக்காரர் கோவத்துல இருக்காரு. நான் சொல்லிச் சமாதானம் பண்ணி வெக்கிறேன்."

"நீ ஏன்யா சமாதானம் பண்ணணும்? உங்கிட்ட வாரண்டு இருக்குதில்ல? புடி."

"இன்னா?"

"அரஸ்ட்டு பண்ணுய்யா!" அவள் குரல் அத்தனை பெரிதாக இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. கரியில் ஓடும் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் திரும்பினார்கள். வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவள் கூடையை இறக்கி வைத்தாள். "இதோ நிக்கிறாரு திருடன்! பதினோரு வருஷமா தேடிக்கினு இருக்கியே, இதோ நிக்கிறாரு! கையில வெலங்கைப் போடு! கோர்ட்டு இதோ பக்கத்துலதான் இருக்குது, இழுத்துக்கினு போ!"

"சத்தம் போடாத. பேஜாரு பண்ணாத."

"கோழி புடிக்கசொல்ல ஜோராப் புடிச்சியே! எங்க வூட்டுல முட்டை போடுற கோழியைக்கூட வுடலியே! ஆளைப் புடிக்க உனக்குக் கையி வரலியா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார். இன்னொருவர், "ஏன் ஏட்டய்யா, வாரண்டு இருந்தா புடிக்க வேண்டியதுதானே?" என்றார். கிருஷ்ணசாமி ஏட்டுமில்லை, ஒன்றுமில்லை. முகம் கறுத்துப்போய்ச் சவுரிராயனின் கையைப் பிடித்தார், விட்டார். பிடித்தால் கோர்ட்டில் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் இத்தனை வருஷம் எங்கே இருந்தான் என்று கேட்பார்கள். அவர் கண்ணில் அந்தக் கணக்கு ஓடுவதை இருதயமேரி பார்த்தாள். இத்தனை நாள் பயந்தது தாங்கள் மட்டும் இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அது உறைத்ததும் கோபம் இன்னும் ஏறியது.

"வா" என்று புருஷனின் கையைப் பிடித்தாள். சைக்கிளைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். கிருஷ்ணசாமி தடுக்கவில்லை.

கோர்ட்டு வாசலில் அரங்கநாதன் காத்திருந்தார். அந்தோணிசாமியும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். வக்கீல் சவுரிராயனை ஓரமாக அழைத்துப் போய்ச் சொன்னார்.

"உன் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. கூலிக்காக எடுத்தேன் என்று நீ சொன்னால் அது திருட்டே ஆகாது என்று நான் வாதாடலாம். ஆனால் கேசு நடக்கும். வெங்கடாசலம் வருவார், அவர் சாட்சிகள் வருவார்கள், வாய்தாமேல் வாய்தா போகும். அதுவரை நீ ஜாமீனிலோ உள்ளேயோ இருக்க வேண்டும். எடுத்தேன் என்று மட்டும் ஒத்துக்கொண்டால் இன்றைக்கே தீர்ப்பு. என்ன தீர்ப்பு என்பது அவர் கையில்."

"திருடுனேன்னு சொல்லச் சொல்றீங்களா?" என்றாள் இருதயமேரி.

"நான் எதையும் சொல்லச் சொல்லவில்லை அம்மா."

"அவரு திருடலை. கூலி."

"தெரியும்."

தெரிந்து என்ன பிரயோஜனம் என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் கோர்ட்டுச் சேவகன் டவாலி பெயரைக் கூப்பிட்டான்.

மாஜிஸ்டிரேட் வயதானவர். பழுப்பேறிய காகிதக் கட்டைப் புரட்டினார். நெற்றியைச் சுருக்கினார்.

"இத்தனை நாளாக எங்கேயப்பா இருந்தாய்?"

"ஊர்லதாங்க சாமி."

"எந்த ஊர்?"

"செங்கழனிதாங்க. ஏர் ஓட்டிக்கினு இருந்தேன்."

மாஜிஸ்டிரேட் காகிதத்தை மறுபடி பார்த்தார். வருஷா வருஷம் ஸ்டேஷனிலிருந்து வந்த பதிலை உரக்கவே படித்தார்: "ஆசாமி புதுச்சேரியில் தலைமறைவாக இருப்பதாகத் தெரிகிறது. பலமுறை தேடியும் ஆள் அகப்படவில்லை." ஒரு தாளைத் தள்ளினார். "ஆள் அகப்படவில்லை." இன்னொன்று. "ஆள் அகப்படவில்லை."

கதவோரம் நின்ற இருதயமேரி தாள்களை எண்ணினாள். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு வருஷம். அதில் ஒரு வருஷத்தில்தான் அவள் பிள்ளை காய்ச்சலில் கிடந்தான். அந்த வருஷமும் ஆள் அகப்படவில்லை என்றுதான் எழுதியிருப்பார்கள். பிள்ளையைப் புதைக்கக் குழி வெட்டிக்கொண்டிருந்தவன் யார்?

மாஜிஸ்டிரேட் அங்கே நின்ற போலீஸ் ஆளை ஒரு பார்வை பார்த்தார். "ஸ்டேஷனிடம் விளக்கம் கேட்டு எழுதுங்கள்" என்று குமாஸ்தாவிடம் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு குற்றத்தைப் படித்துக் காட்டி, "ஒத்துக்கொள்கிறாயா?" என்று கேட்டார். சவுரிராயன் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் ஆமென்றும் தலையசைக்கவில்லை, இல்லையென்றும் அசைக்கவில்லை.

"எடுத்தேன் சாமி" என்றான்.

கூலி என்ற சொல்லை அவன் எடுக்கவே இல்லை.

மாஜிஸ்டிரேட் எழுதினார். மேலே பார்க்காமல், "கோர்ட்டு கலையும்வரை காவல்" என்றார். அடுத்த கேசைக் கூப்பிட்டார்கள்.

இருதயமேரிக்குப் புரியவில்லை. வக்கீலின் அங்கியைப் பிடித்து இழுக்காத குறையாக, "எத்தனை வருஷங்க?" என்றாள்.

"வருஷம் இல்லையம்மா. இன்றைக்குச் சாயங்காலம் கோர்ட்டு முடிகிறவரைக்கும் அந்த மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு வீட்டுக்குப் போகலாம். வாரண்டும் இல்லை, கேசும் இல்லை." அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"சாயங்காலம் வரைக்குமா?"

"ஆமாம்."

"அவ்ளோதானா?"

அவள் கேட்டது கோர்ட்டு முழுக்கக் கேட்டது. டவாலி, "உஷ்! பேசாதே" என்று அதட்டினான். "அவ்ளோதானாய்யா? இதுக்கா? இந்த ஒரு பொழுதுக்கா எங்க ஆயுசைத் தின்னானுங்க?" அந்தோணிசாமி அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தான். வாசலில் புளிய மரத்தடியில் உட்கார வைத்தான். ஒருத்தன் பட்டாணி விற்றுக்கொண்டிருந்தான். வாங்கிக் கொடுத்தான். அவள் அதை மண்ணில் வீசினாள்.

"கேசு முடிஞ்சிடுச்சு, சந்தோஷப்படாம இன்னா மேரி?"

"அண்ணே, என்னை இப்ப சந்தோஷப்படச் சொல்லாதே. கொன்னுடுவேன்."

வெயில் சாய்ந்ததும் கோர்ட்டு கலைந்தது. சவுரிராயன் வெளியே வந்தான். யாராவது பின்னாலிருந்து கூப்பிடுவார்கள் என்பதுபோலப் படியில் நின்று நின்று இறங்கினான். யாரும் கூப்பிடவில்லை. வக்கீல் கிருஷ்ணசாமிமேல் புகார் எழுதித் தருவதாகச் சொன்னார். சாட்சிக்கு ஊரில் யார் வருவார்கள் என்று அவரே கேட்டார். புகார் அதோடு நின்றது.

"சாமான் எடுத்துக்கினு வந்துடுங்க. ஷெட்டுல ஆள் எடுக்கறாங்க, நான் சொல்லி வெக்கிறேன்" என்றான் அந்தோணிசாமி.

மறுநாள் காலை செங்கழனிக்குப் போனபோது குடிசையின் கூரை கீழே கிடந்தது. நிலம் வெங்கடாசலத்தினுடையது. சட்டியும் பானையும் தெருவில் உருண்டு கிடந்தன. சேரி சனங்கள் தங்கள் தங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருதயமேரி உடையாத பானையைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தபோது வெங்கடாசலம் தலையாரியோடு வந்தார்.

"கோர்ட்டுக்குப் போய்ட்டா பெரிய மனுஷன் ஆயிட்டியாடா? ஒரு கேசுதான் முடிஞ்சிருக்கு. நான் நினைச்சா நாளைக்கே இன்னொண்ணு போடுவேன். வெக்கப்போருக்கு நெருப்பு வெச்சான்னு போடுவேன். மாட்டை ஓட்டிக்கினு போனான்னு போடுவேன்."

இருதயமேரி நிமிர்ந்தாள். வாய் வரை வந்துவிட்டது. அதற்குள் சவுரிராயன் பேசினான். தலைத்துண்டு தலையிலேயே இருந்தது.

"போடுங்க" என்றான்.

"இன்னாடா சொன்ன?"

"போடுங்கன்னேன். இந்தத் தபா ஓட மாட்டேன். போட்ட அன்னிக்கே வந்து நிக்கிறேன். நீங்களும் வந்து நில்லுங்க. அன்னிக்கு ஏன் செடியை எடுத்தேன்னு கேப்பாங்க. அதையும் அங்கியே சொல்றேன். இத்தனை வருஷம் எங்க இருந்தேன், எவன் கழனில இருந்தேன்னு கேப்பாங்க. எல்லாத்தையும் சொல்றேன்."

ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தான். தலையாரி தடியைத் தூக்கினான். வெங்கடாசலம் வேண்டாம் என்று கை காட்டினார். ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே திரும்பிப் போனார். புருஷனும் பெண்டாட்டியும் கிளம்பும்போது பக்கத்து வீட்டுப் பொன்னி ஓடிவந்து ஒரு சின்னக் கோணி மல்லாட்டையை இருதயமேரி இடுப்பில் திணித்தாள்.

விழுப்புரத்தில் சவுரிராயனுக்குக் கரி அள்ளுகிற வேலை கிடைத்தது. வெங்கடாசலம் வேறு கேசு போடவில்லை. மணியக்காரராகவேதான் இருந்தார். கிருஷ்ணசாமியை வேறு ஸ்டேஷனுக்கு மாற்றினார்களாம். அங்கேயும் சைக்கிள் இருந்திருக்கும், கோழிகளும் இருந்திருக்கும். ஆரோக்கியம் அத்தையோடு சேர்ந்து ரயில்காரர்களுக்கு இட்டிலி சுட்டு விற்றாள்.

வரிசைக் குடிசையில் அடுத்த வீட்டுக்காரி தையல்நாயகி. நல்லவள். ஒரு நாள் குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது, "கேசு ஒரே நாளோட போச்சாமே? உங்க சாமி புண்ணியம், அதிர்ஷ்டக்காரி நீ" என்றாள்.

இருதயமேரி குடத்தைக் கீழே வைத்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

"ஒரே நாளா? யாரு சொன்னது உனக்கு?" என்றாள். "குடத்தை வெச்சுட்டு உக்காரு. மொதல்லேருந்து சொல்றேன். அப்பால நீயே சொல்லு, எத்தனை நாளுன்னு."